ஒரு சாண் கீழே

பாகூர் ஏரிக்குத் தெற்கே, சகாயமேரியின் கரும்புக் கொல்லையில்
மூன்றடிக் கம்பியை நட்டு மிதித்தேன்.
கூழில் கரண்டிபோல் இறங்கி
ஒரு சாணில் நின்றது.
நாலெட்டு தள்ளி மிதித்தேன். ஒரு சாண்.
வாய்க்கால் ஓரம். ஒரு சாண்.
வரப்பில் மட்டும்,
டிராக்டர் ஏறாத அந்த முழ அகலத்தில்,
பிடிவரை போனது.

"தூரு ஏன் சாயுது?" என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.
தோண்டிக் காட்டினேன்.
கீழ்நோக்கிப் போன வேர் சட்டென மடங்கி,
இருட்டில் சுவரைத் தடவிப் போகிறவன்மாதிரி
படுக்கையாகவே ஓடியிருந்தது.

என் கலப்பையின் ஒன்பது கொக்கியும்
இறங்குவது ஒரு சாண்தான்.
பன்னிரண்டு வருடம் இதே கொல்லை, இதே ஆழம்.
லிவரில் சிவப்புப் பெயின்டால் குறி வைத்திருக்கிறேன்,
வசதிக்கு.
வண்டியின் பின்தகட்டில்
'அகல உழுவதை ஆழ உழு' என்றும் எழுதியிருக்கிறது.
எழுதிய பண்ருட்டிக்காரன்
எவ்வளவு ஆழம் என்று கேட்கவில்லை.

சேத்தியாத்தோப்பில் இதே தட்டுக்காகத்தான்
பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்.
இரும்புச் சக்கரம் மாட்டிச் சேறடிக்கும்போது
"இன்னொரு சால் ஓட்டு, தண்ணி கீழ எறங்கப்படாது"
என்று வரப்பிலிருந்து கத்துவார் பூராசாமி.
நெல்லுக்கு அது பாத்திரத்தின் அடி.
கரும்பைப் பற்றி அவருக்கென்ன.

மங்கலம்பேட்டைக் கரிசல் என்னை மதிப்பதே இல்லை.
சித்திரையில் கை நுழையப் பிளந்து
தன்னைத்தானே உழுதுகொள்கிறது.
அங்கே போனால் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

தை மாதம் புவனகிரியில் வேறு வழக்கு.
அறுப்புக்கு ஏழு நாள் முன்னால்
நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தை விசிறுகிறார்கள்.
உழவே கிடையாது, ஈரம்தான் ஏர்.
ஆனால் அறுக்க வருவது
டயர் வண்டியா செயின் வண்டியா என்று
சம்பந்தம் பேசுவதுபோல விசாரிப்பார்கள்.
டயர் போன தடத்தில்
மாசி முடிந்தாலும் இரண்டு வெறுங்கோடு கிடக்கும்,
கொல்லை முழுக்க.

"பக்கத்துக் கொல்லை காலியாத்தான் கெடக்கு,
இன்னிக்கே ஓட்டிடு" என்றாள் சகாயமேரி.
ஐப்பசி. மழை விட்டு மூன்றாம் நாள்.
ஏழாம் தேதி டிராக்டர் தவணை.
ஒரு பிடி மண் எடுத்து அழுத்தினேன்.
புட்டு மாவாய் உதிர வேண்டியது
கொழுக்கட்டையாக உள்ளங்கையில் உட்கார்ந்தது,
என் ஐந்து விரலும் அதில் பதிந்து.

இன்றைக்கு வேண்டாம் என்றேன்.
பங்குனியில் நன்றாகக் காயட்டும்,
உளிக்கலப்பை போட்டு இரண்டு சாணுக்குக் கீறிவிடலாம்,
மணிக்கு ஆயிரத்து நூறு.
கட்டிய கூலி போன வருடம்வரை வாங்கியாயிற்று,
இது உடைக்கிற கூலி.
அதைச் சொல்லவில்லை.

கம்பியைக் கழுவும்போது கேட்டாள்,
"அந்தத் தட்டு எப்பிடி வந்துச்சு?"
"வண்டி போயிப் போயி" என்றேன்.
யார் வண்டி என்று கேட்பாள் என நினைத்தேன்.
மோட்டாரை நிறுத்தப் போய்விட்டாள்.

ராத்திரி மண்ணெண்ணெய் தொட்டு
லிவரின் சிவப்பைத் துடைத்தேன்.
பாதிதான் போனது.