எண்ணிக்கை

நாடி பார்த்து முடித்த பிறகும்
மணிக்கட்டை விடமாட்டேன்.
எங்கள் தொழிலில் அது ஒரு சின்னக் கள்ளம்.
எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால்
மூச்சு நடிக்கத் தொடங்கிவிடும்.
அதனால் விரல் நாடியில்,
கண் கடிகாரத்தில்,
கடைக்கண் மட்டும் மார்புக்கூட்டில்.

செவேரோ சோக்கே, ஏழாம் கட்டில்.
பொத்தோசி மலைக்குள் முப்பத்தொரு வருஷம்.
நுரையீரல் நிறையக் கல்தூள்.
அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி
வீங்கிப்போன வலப்பக்க இதயம்.
கணுக்காலை அழுத்தினால் விழுகிற பள்ளம்
நான் அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்பும்வரை
அப்படியே இருக்கும்.
மல்லாந்தால் திணறுவார். மூன்று தலையணை,
அதற்கும் மேல் சுருட்டி வைத்த என் கம்பளிக் கோட்டு.

காலை எடை நேற்றைவிட எழுநூறு கிராம் கூட.
"திருட்டுத்தனமாகச் சூப் குடித்தீரா?"
"உப்பில்லாத சூப்பை
எவன்
திருடுவான்?"

உதட்டைக் குவித்து ஊதச் சொன்னேன்.
மெழுகுவத்தி என்றேன், பிடிபடவில்லை.
கார்பைடு விளக்கு என்றதும் தலையாட்டினார்.
சுடர் சாயணும், அணையக் கூடாது.

புதன் இரவு லிஃப்ட் நின்றுபோனது.
அவர் சிலிண்டரின் முள் சிவப்பில்.
கிடங்கு மூன்று மாடி கீழே.
நாலாயிரம் மீட்டர் உயரத்து ஊரில்
பிறந்து வளர்ந்தவளுக்கும்
இரும்பைத் தோளில் சுமந்து ஏறினால்
படிகள் பெருகத்தான் செய்கின்றன.
வால்வைத் திருகி, குழாயை மாட்டி,
தண்ணீரில் குமிழி எழுந்ததைப் பார்த்துவிட்டு
வழக்கம்போல் மணிக்கட்டைத் தேடினேன்.
என்னுடையது அவர் பிடியில் இருந்தது.
சுவர்க் கடிகாரத்தில் முள் ஒரு சுற்று வந்தது.

"முப்பத்திரண்டு. உட்கார், நியேவெஸ்."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.
"குழியில் திரி கொளுத்தியவன் நான்.
பதினொரு வெடி வைத்தால்
பதினொன்றும் காதில் விழணும்.
பத்தோடு நின்றால் யாரும் உள்ளே போகக் கூடாது.
ஒருத்தி சும்மா இருக்கிறாளா
எண்ணுகிறாளா என்று
எனக்குத் தெரியாதா?"

அதைச் சொல்ல அவருக்கு ஒன்பது மூச்சு ஆனது.
எண்ணவில்லை என்றால் பொய்.

படிவத்தில் அவர் கட்டத்தில் இருபத்தெட்டு எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலால், முப்பத்திரண்டு.
காலையில் மருத்துவர் விரல் வைத்துக் கேட்டார்,
இது யாருடையது?
ரப்பரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
ஏழாம் கட்டிலில் இருமலா சிரிப்பா,
பிரித்தறிய முடியவில்லை.