கல் மொந்தை

ஓட்மாருக்குக் கண்ணாடி ஆகாது.
சாம்பல் நிறக் கல் மொந்தை,
பிடியருகே மயிரிழை விரிசல்,
வயிற்றில் நீலத்தில் ஒரு கெண்டை மீன்:
அதில்தான் வேண்டும்.
சுவரோரம் இரும்புக் கம்பி அடுக்கில்
பதினேழாம் கூண்டு அதற்கு.
சாவி என் இடுப்பில்.

கொன்ராட் கூரைக்கு ஓடு மாற்றுகிறவன்.
நாளெல்லாம் வெயிலோடு மல்லுக்கு நின்றவனுக்கு
மாலையில் அதையே கிளாஸில் ஊற்றித் தரவேண்டும்.
தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி,
முற்றத்து லிண்டன் மரத்தைப் பீர் வழியே பார்த்துவிட்டு
அப்புறம்தான் உதட்டுக்கு.

"இருட்டறையில் பெண் பார்க்கிறவரய்யா நீர்" என்பான்.
"கல்லில் குளிர் நிற்கும்" என்பார் ஓட்மார்.
"நுரை நிற்கும். ஈ விழுந்தாலும் தெரியாது."
"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

பிராங்கோனியாவின் இந்த மூலையில்
கெண்டைக் குளங்களையும் மழையையும் விட்டால்
பேச இதுதான் உண்டு.
பதினோரு வருடமாக இதே வழக்கு.
ஒரே பீப்பாய். ஒரே குழாய். ஒரே கை, என் கை.
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஹெட்விக் மட்டும்
மெல்லிய விளிம்புள்ள வைன் கிளாஸில் பாதி கேட்பாள்;
தடித்த விளிம்பு பல்லில் இடித்தால் சுருதி போய்விடுமாம்.
ஒருமுறை திருவிழாக் கூட்டத்தில்
பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தேன்.
அடுத்த ஞாயிறு வரை ஊரே என்னை முறைத்தது.

இனி சொல்வதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின பிப்ரவரியில்,
கடை திறக்குமுன்,
பின்வாசலில் வந்து நின்றார் ஓட்மார்,
தொப்பியைக் கையில் சுருட்டியபடி.
டாக்டர் என்றார். கல்லீரல் என்றார்.
பிறகு பதினேழாம் கூண்டைப் பார்த்தார்.
அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும்
குழாயைத் திறப்பதுபோல் முதுகு காட்டி நின்று
கீழ் அலமாரி பாட்டிலைச் சாய்க்கிறேன்:
போதையில்லாத பீர், நுரை மட்டும் நிஜம்.
பழைய மொந்தையில் புதிய பொய்.
அவரும் மூன்றாவதில் குரல் உயர்த்துவார்,
நான்காவதில் நாற்காலியைப் பிடித்து எழுவார்,
எல்லாம் அளவாக.
முழு விலை போடச் சொன்னதும் அவரேதான்.

நேற்று வியாழன்.
கொன்ராட்டுக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது.
"இன்றோடு தீர்த்துவிடுவோம்.
உம்முடையதில் நான், என்னுடையதில் நீர்."
எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.
ஓட்மார் என்னைப் பார்த்தார்.
நான் கையிலிருந்த துணியைப் பார்த்தேன்.
தடுக்கி விழலாமா என்று கால் யோசிக்குமுன்
கொன்ராட் மொந்தையைத் தூக்கிவிட்டான்.

ஒரு வாய்.
தொண்டையில் அது இறங்குவதைப் பார்த்தேன்.
அப்புறம் பாதியில் நின்றதையும்.
உள்ளே எட்டிப் பார்த்தான்; இருட்டு.
நிமிர்ந்தான்.
எதிரே ஓட்மாரின் காதுகள் சிவந்திருந்தன.

இன்னொரு வாய், இம்முறை நீளமாக.
மீசையைத் துடைத்துக்கொண்டான்.
"கல்லில் குளிர் நிற்கத்தான் செய்கிறது" என்றான்.
"ஆனாலும் எனக்கு வேண்டாமப்பா.
பார்த்துக் குடித்தே பழகிவிட்டேன்."
சொல்லிக்கொண்டே
ஓட்மார் இன்னும் தொடாத கிளாஸை
அவர் முன்னாலிருந்து
சாவகாசமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இரவு கழுவும்போது
கிளாஸில் வட்டம் வட்டமாய் நுரைக் கோடுகள்,
ஒவ்வொரு வாய்க்கும் ஒன்று, எண்ணலாம்.
மொந்தைக்குள் கைவிட்டுத் தேய்த்தேன்.
மீனைத் துடைத்தேன்.
பதினேழில் வைத்துப் பூட்டினேன்.

எனக்கு எதில் பிடிக்கும் என்று
யாரும் கேட்டதில்லை.
மாவு அளக்கிற, கோடு போட்ட குடுவையில்,
விளக்கெல்லாம் அணைத்த பிறகு,
நின்றுகொண்டே.
கால் லிட்டர்.
கோட்டுக்கு மேல் ஒரு விரல்.