அட்டைக்கு மூக்கு இருக்கா

மூன்றாம் தரத்தில் பதினேழு பேர்,
மழை பிடித்தால் பதினொன்று.
அன்றைக்குப் புத்தகத்தில் யானை.
துதிக்கை, தந்தம், முறம்போலக் காது.
அக்கரப்பத்தனைக்கு மேலே, இந்தக் குளிரில்
யார் பார்த்தது யானையை?
நான் பார்த்ததும் பெரஹராவில்,
சட்டை போட்ட யானை.

கேட்டால் பதில் வரும்,
எல்லார் வாயிலும் ஒரே ராகத்தில்.
கேள்விதான் வராது.
"கேள்வி இருக்கா?"
"இல்லை மிஸ்."
அதற்கும் அதே ராகம்.

அபினேஷின் வெள்ளை மேஸில்
ரத்தம் பரவிக்கொண்டிருந்தது.
"அட்டை மிஸ்" என்று பிய்த்து
சன்னலுக்கு வெளியே சுண்டப் போனான்.
"போடாத."
சொன்னது நானில்லை, கோகுலவாணி.
இடாப்பில் பேர் கூப்பிட்டாலும்
இரண்டு தவணையாய்த் தலையை மட்டும் ஆட்டுகிறவள்.
"போடாத. நாம வாறது
அதுக்கு எப்புடித் தெரியும்?"

எனக்குத் தெரியாது.
தெரியாத கேள்வி வந்தால்
"நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு
கரும்பலகைப் பக்கம் திரும்பப் பழகியிருக்கிறேன்.
திரும்பினேன்.
கையில் சோக்கு, எழுத ஒன்றுமில்லை.
'நீங்க என்ன நினைக்கிறீங்க?'
என்று எழுதிவைத்தேன்.

அதோடு வகுப்பு என் கையைவிட்டுப் போனது.

"வாசம் புடிக்கும். எங்கப்பா கால்ல ஏறாது,
சுருட்டு வாசம்."
"ஒங்கப்பா சப்பாத்து போட்டுருக்காரு, அதான்."
"நடந்தா நெலம் அதிருது மிஸ். நின்னா வராது."
"எங்கம்மா நின்னுதான் கொழுந்து எடுக்கிறாங்க.
நேத்து எண்ணுனேன். ஒன்பது."

ஒன்பதுக்குப் பிறகு
தகரத்தில் மழை மட்டும் பேசியது.

"பாத்துருவமா?" என்றாள் ருக்ஷானி.

சோற்றுத் தட்டின் நடுவில் அட்டை.
ஒரு பக்கம் வெந்நீர்ப் போத்தல்.
ஒரு பக்கம் விரலால் தட்டத் தனுஜன்.
ஒரு பக்கம் பூசணிக் காம்பில்
கோகுலவாணியின் மூச்சு.
நாலாவது பக்கம் காலி.
"அது எதுக்குடா?"
"சும்மாவே அங்கிட்டுப் போகுதான்னு பாக்க."
பரீட்சைக்காக நான் பாடமாக்கிய
'கட்டுப்பாட்டுப் பரிசோதனை'
அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பத்துத் தடவை.
கோடு போட்டு எண்ணியவன்
மூச்சுப் பக்கத்தில் ஒன்றை அழிக்கப் பார்த்தான்,
அட்டை பாதியில் தயங்கியதாம்.
பின்வாங்கிலிருந்து கத்தினார்கள்:
"தராசுல மாதிரி தண்ணிக்குன்னு கழிக்காத!
வந்தத வந்தபடி எழுது!"

மூச்சு ஐந்து. சூடு இரண்டு.
தட்டியது ஒன்று. காலி ஒன்று.
பத்தாவது தடவை அது
தட்டைவிட்டு, மேசையைவிட்டு இறங்கி
என் செருப்பைத் தேடி வந்தது.
"இத எதுல எழுதுறது?"
புதுக் கோடு கிழித்து
'மிஸ்' என்று தலைப்பிட்டார்கள்.

அடுத்த நாள் ஆசிரிய ஆலோசகர் வந்தார்.
கொப்பிகளைப் புரட்டினார்.
"யானை எங்க?"
"இன்னும் வரல சேர்" என்றான் அபினேஷ்,
உண்மையைத்தான் சொன்னான்.
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுப் போனார்.
பரவாயில்லை,
கேள்விக்குறிகளுக்கு அந்த வாரம் நல்ல விளைச்சல்.

புதன்கிழமை கோகுலவாணி
இடாப்புக்கு முன்னாலேயே எழுந்து நின்றாள்.
"ஆறாம் நம்பர் மலையில
அம்மா மூச்ச அடக்கிப் பாத்தாங்களாம் மிஸ்.
முடியலயாம்.
முதுகுல கூட, கால்ல ஏத்தம், எப்புடி முடியும்?
ஆனா ஏழுதான்."

கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"ஒன்பதும் ஏழும்
நெசமா வித்தியாசமா மிஸ்,
இல்ல சும்மா அப்புடி வந்ததா?"

பதினொரு முகமும் என்னைப் பார்த்தன.
எனக்கு இன்னும் தெரியாது.

வியாழக்கிழமையும் எண்ணச் சொல்லி
அம்மாவுக்கு ஒரு துண்டு எழுதினோம்.
எழுத்தெல்லாம் அவர்களுடையது.
நான் ஒற்றைக்கொம்பு ஒன்று திருத்தினேன்,
அவ்வளவுதான்.