படிவத்தில் நிறம்

வின்டர்தூர் கீட்டா. மதியம் இரண்டேகால்.
சறுக்குமரத்தின் அடியில்
லியோவும் நஹோமும் மோதிக்கொண்டார்கள்.
முழங்காலோடு முழங்கால்,
இரண்டு தேங்காய் முட்டின சத்தம்.

அழுகையில் வித்தியாசம் இல்லை.
லியோவின் கால் உடனே பேசிவிட்டது:
முதலில் சிவப்பு,
சப்பாத்தைக் கழற்றுவதற்குள்
நாவல்பழச் சாறு ஊறின மாதிரி.
நஹோமின் காலைச் சீமோன் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இவனுக்கு ஒன்றுமில்லை."
கெட்டவள் இல்லை அவள்.
அவள் படித்த புத்தகத்தில் எல்லாக் கால்களும் வெள்ளை.

இந்த ஊரில் இதற்குப் பெயர் நீலப் பொட்டு.
நாங்கள் கன்றிப்போச்சு என்போம்.
அடிபட்ட தோல் கன்றும்.
வெயில் பட்ட இலை கன்றும்.
நாலு பேர் முன்னால் திட்டு வாங்கிய முகமும் கன்றும்.
என்ன நிறமென்று அந்தச் சொல் கேட்பதில்லை.

விரலின் புறத்தால் தொட்டுப் பார்த்தேன்.
முட்டிக்கு இரண்டு விரல் கீழே, வெளிப்பக்கம்,
ஒரு சூடு.
அதன் நடுவே புளியங்கொட்டை அளவில் கெட்டி.
அவன் மூச்சை உள்ளே இழுத்தான்.
சன்னலருகே தூக்கிப்போய்ச் சாய்த்துப் பிடித்தால்
பழுப்புக்குள் மெல்லிய கத்தரிப்பூ.

உறைபெட்டியில் ஒரே ஒரு பட்டாணிப் பொதி.
வெட்டி இரண்டாக்கப் போய்
தரையெல்லாம் பட்டாணி உருண்டது.
அழுதவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.
மிஞ்சியதைத் துவாயில் சுற்றினேன்,
வெறும் தோலில் பனி வைத்தால் தோலே வெந்துபோகும்.
தைலம் வேண்டாம், தேய்க்க வேண்டாம்
(என் வீட்டுக்காரர் எதற்கும் தேய்ப்பார்):
உள்ளே சின்னக் குழாய்கள் இன்னும் கசிந்துகொண்டிருக்கின்றன.
இரண்டு கால்களையும் ஒரே தலையணைமேல் ஏற்றி
பல் விளக்கும் மணற்கடிகாரத்தை
நான்கு தரம் கவிழ்த்தோம்.

பிறகு படிவம்.
இடம். நேரம். நிறம்.
லியோவுக்கு நீலம் என்று எழுதினேன்.
நஹோமுக்குச் சூடு என்று எழுதினேன்.
"சூடு ஒரு நிறமா?" என்றாள் சீமோன்.
பிறகு அவளும் குனிந்து
விரலின் புறத்தை வைத்தாள்.
வைத்தபடி நெடுநேரம் இருந்தாள்.

கார்த்திகையில் இதே பிள்ளை படியில் விழுந்தான்.
அன்று படிவம் இல்லை.
"ஒருவரும் பார்க்கவில்லையா?" என்று
மாலையில் சாபா கேட்டபோது
"ஒன்றும் தெரியவில்லையே" என்றோம்.
சொன்னவள் சீமோன்.
தலையாட்டியவள் நான்.
இந்தத் தோலோடு நின்று தலையாட்டினேன்.

நடக்கிறானா, மடக்குகிறானா,
பாதம் மரத்ததா, வீக்கம் ஏறுகிறதா,
ஏறினால் டாக்டர் என்று
ஐந்தரைவரை அவனையே பார்த்தபடி இருந்தேன்.
சாபா வந்தாள், தோளில் ஈரப்பனி.
படிவத்தை இரண்டு தரம் வாசித்தாள்.
மகனின் காலருகே மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.
எங்களிடம் ஒன்றும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் லியோவின் முட்டியில் காய் எலுமிச்சை,
எட்டாம் நாள் கடுகுமஞ்சள்,
வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான்.
நஹோமின் கெட்டி எப்போது கரைந்ததென்று தெரியாது,
ஒருநாள் தொட்டேன், குளிர்ந்திருந்தது.

ரேடியேட்டருக்கு அடியில்
கை எட்டாத ஒரு பட்டாணி
மெல்ல மஞ்சளாகிறது.