அவசரத்துக்கு ஒரு பெயர்

டெரியில் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது.
கோட்டைச் சுவரில் நடக்கும் பேய் ஊர்வலத்துக்கு இடமில்லை,
படகில் இடமில்லை,
வாணவேடிக்கை தெரியும் மாடியில் நிற்கக்கூட இடமில்லை.
ஹாலோவீன் இரவுக்கு, அன்று மதியம் வந்து
அறை கேட்டவளை விடுதிக்காரர் பார்த்த பார்வை:
தீபாவளிக்கு முந்தின நாள்
ரவிக்கைத் துணியோடு வருகிறவளை
தையல்காரர் பார்ப்பாரே, அது.

"பேய்தானே வேணும்? கொஞ்சம் தள்ளிப் போகணும்"
என்றார் பேருந்து ஓட்டுநர் ஃபின்டன்.
அவர் முகத்தில் பாதி எலும்புக்கூடு,
மீதி மூன்று நாள் தாடி.
நான்காவது நிறுத்தத்தில் ஒரு சூனியக்காரி ஏறி
மூத்தோர் பயண அட்டையைக் காட்டினாள்.
அவள் பின்னால் வந்த வௌவாலுக்கு
ஐந்து வயதிருக்கும்.
இறக்கை கதவில் சிக்கி அழுதது.

பாலிநக்கில். மழை.
வாசலுக்கு வாசல் பூசணிக்காய் சிரித்தது.
ஒரு வாசலில் மட்டும் குடைந்த டர்னிப் கிழங்கு.
பூசணி வருமுன் இங்கே இதுதான் முகமாம்.
பல்வலிக்காரன் போல் சுருங்கி,
உள்ளே ஒரு மெழுகுவர்த்தியை அடக்கிக்கொண்டு.
தாண்டிப் போன பிறகும்
இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

ஒரு காலத்தில் ஆளி நார் நூற்ற ஆலை.
கால்பந்துக் கழகத்தின் கூரை ஒழுகுகிறது என்று
ஆண்டுக்கு மூன்று இரவு
ஊரே இங்கு வந்து செத்துக் காட்டுகிறது.
சீட்டு எட்டு பவுண்டு.
தேநீர் சேர்த்தால் ஒன்பது.

மேசையில் ப்ரோனா என்ற பெயர் அட்டையோடு ஒருத்தி.
கழுத்து அறுபட்டிருந்தது,
அதற்கு மேலே மூக்குக்கண்ணாடி.
ஒரு தாளை நீட்டினாள்.
என் பெயர், என் எண்.
இதய நோய் இல்லை. கர்ப்பம் இல்லை.
மின்னும் விளக்கில் வலிப்பு வருவதில்லை.
பேயை அடிக்க மாட்டேன்
(இதற்குத் தனிக் கட்டம்,
போன வருடம் யாரோ அடித்திருக்கிறார்கள்).
வேகமாய்க் குறி போட்டு வந்த பேனா
கடைசி வரியில் நின்றது.
அவசரம் என்றால் யாரை அழைப்பது?
பெயர், உறவு, எண்.

மூன்று அங்குலக் கோடு.
பதினோரு மாதம் முன்புவரை
யோசிக்காமல் எழுதிய பெயர்
பேனா முனைவரை வந்து திரும்பிப் போனது.
அலுவலகத்தில் இந்நேரம் எடுக்க மாட்டார்கள்.
அண்ணன் ஊரில் மணி விடியற்காலை ஒன்றரை,
அழைத்தால் முதல் அவசரம் அவனுக்குத்தான் வரும்.
பின்னால் வரிசையில் ஓர் ஓநாய் இருமியது.

ப்ரோனா தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.
தன் பெயர் எழுதினாள், எண் எழுதினாள்.
உறவு என்ற இடத்தில் சற்று யோசித்து
'நுழைவுச்சீட்டு' என்று எழுதினாள்.
"வருஷா வருஷம் நாலைந்து பேருக்கு நான்தான்.
இதுவரை யாரும் சாகலை. உள்ளே போ."

உள்ளே நடப்பதை வெளியே சொல்வது நியாயமில்லை.
ஆனாலும்,
சங்கிலி இழுத்து வந்தவன் காலில் கழகத்தின் காலுறை.
தறியடியில் கிடந்த பிணம் தும்மியது,
மன்னிப்பும் கேட்டது.

கடைசி அறையில் ஒன்றுமில்லை.
இருட்டு. யாரும் பாயவில்லை.
இதுவும் ஏற்பாடுதானா,
இல்லை அந்தப் பேய்
தேநீர் குடிக்கப் போயிருந்ததா,
தெரியாது. காத்திருந்தேன்.
வர வேண்டிய யாரோ தாமதிப்பது போல்
நின்றுகொண்டே இருந்தேன்.
என் மூச்சு இன்னொருவர் மூச்சாகக் கேட்டது.

அங்கேதான் கத்தினேன்.
சுவருக்கு அப்பால் யாரோ கைதட்டினார்கள்.

மறுநாள் விமான நிலையச் சோதனையில்
காலணி கழற்றி, சில்லறையைத் தட்டில் கொட்டும்போது
அழைப்பு. தெரியாத எண்.
"ப்ரோனா பேசறேன். அவசரம் ஒண்ணுமில்லை.
உன் குடை இங்கே இருக்கு."
அங்கே இன்னும் மழையா என்றேன்.
"கொட்டுது," என்றாள்.
"அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."