ஓர் மலை

வரைபடத்தில் அதன் பெயர் ஸ்லீவனோர்.
உயரம் அறுநூற்றுப் பதினோரு மீட்டர்.
நிலமளக்க வந்த சிப்பாய் எவனோ
காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.
அன்றைக்கு நல்ல காற்று போல.

வடக்குச் சரிவில் ஆடு வைத்திருக்கும் ஃபீயக்ராவுக்கு
அது பொன்மலை.
பொன் எங்கே என்று கேட்டால்
மழை விட்டதும் வந்து பார் என்பார்.
மழை எப்போது விடும் என்று சொல்ல மாட்டார்.
தெற்கே, பாலத்தருகில் பெட்ரோல் விற்கும் டெர்வ்லாவுக்கு
அது அறுப்பு மலை.
அவர்கள் மொழியில் இரண்டுக்கும் நடுவே
எழுதிவிட்டு வாயால் சொல்லாத
சில எழுத்துகள்தான் வித்தியாசம்.
அந்தச் சில எழுத்துகளுக்காக
பன்னிரண்டு வருடமாக இருவரும்
வானிலை மட்டுமே பேசிக்கொள்கிறார்கள்.

என் காதுக்கு இரண்டும் ஓர் என்றே விழுகிறது.
ஓர் மலை.
இலக்கணப்படி பிழை.
அடிவாரத்தில் கார் கதவைச் சாத்திவிட்டு அண்ணாந்தால்
திருத்தத் தோன்றுவதில்லை.

ஏறுவது கடினமில்லை என்பார்கள், நம்பாதீர்கள்.
முதல் அரை மணி நேரம் சதுப்பு.
அது காலணியைக் கேட்கும்,
கொடுத்துவிட்டு இரு கையாலும் திரும்ப வாங்க வேண்டும்.
பிறகு ஹெதர் புதர். பிறகு ஆட்டுத்தடம்,
அது ஆட்டுக்கு வேண்டிய இடத்துக்கு மட்டும் போகும்.
இடப்புறம் பனியாறு ஒரு காலத்தில்
கரண்டியால் வழித்தெடுத்த பள்ளம்,
அடியில் கறுப்பாக ஓர் ஏரி.
அதன் விளிம்பில் வேலி இல்லை.
உச்சியில் வெள்ளைப் படிகக் கல்,
யாரோ உப்பு மூட்டையை அவிழ்த்துவிட்டது மாதிரி.
அங்கிருந்து அட்லாண்டிக் தெரியும்.
ஏழு முறை ஏறியிருக்கிறேன்,
இரண்டு முறை தெரிந்தது.

அக்டோபரில் ஒரு மாலை, நாலே கால்.
மீட்புக் குழுவின் ரேடியோ அருகில் நான்.
லிமெரிக்கிலிருந்து தனியாக வந்த பல் மருத்துவர்,
போனில் மூன்று சதவீதம்.
எந்த மலை?
வரைபடத்தின் பெயரைத் திருத்தமாகச் சொன்னார்.
மலையில் எங்கே?
எல்லாம் வெள்ளையாக இருக்கிறது.
பக்கத்தில் என்ன இருக்கிறது?
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
சிரிக்கக் கூடாது.
ஒரு கட்டில்.
இரும்புக் கட்டில். நின்றுகொண்டிருக்கிறது.
இணைப்பு அறுந்தது.

குளிர் தலைக்கேறிவிட்டது என்று
நான் பதிவேட்டில் எழுதத் தொடங்கினேன்.
அறையின் இரு மூலைகளிலிருந்தும்
ஒரே நேரத்தில் இரு குரல்கள்:
மாலக்கியின் கட்டில்.

ஃபீயக்ராவின் மாமா.
அதில்தான் படுத்திருந்து போனார்.
அடுத்த வாரமே அதைத் தூக்கிக்கொண்டு ஏறி
இரு சரிவும் கூடும் கணவாயில்
வேலியின் ஓட்டையில் வைத்துக் கட்டினார் ஃபீயக்ரா.
நல்ல இரும்பு, என்றார் அப்போது,
துக்கம் கேட்க வந்தவர்களிடம்.

பொன்மலையில் ஒரு குழு ஏறியது,
அறுப்பு மலையில் ஒன்று.
பனிமூட்டத்தில் இரண்டு வெளிச்சங்கள்
ஒன்றையொன்று திட்டிக்கொண்டே நெருங்கின.
கால்மாட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி
உட்கார்ந்திருந்தார் பல் மருத்துவர்.
ஏரி விளிம்பு அங்கிருந்து எண்பது அடி.
டெர்வ்லாவின் பிளாஸ்கில் தேநீர் இருந்தது,
ஃபீயக்ராவிடம் சர்க்கரை.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்: இடத்தின் பெயர்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
கட்டில், என்று எழுதினேன்.
இப்போது ரேடியோவில் எல்லாரும் அப்படித்தான்:
லபாவுக்கு மேலே, லபாவுக்குக் கீழே.
எந்த வரைபடத்திலும் இல்லை.
மறுபடி யாராவது அளக்க வந்தால்
காற்றில்லாத நாளாகப் பார்த்து வரட்டும்.

போன வாரம் போய்ப் பார்த்தேன்.
கட்டிலின் ஒரு கால் தரையைத் தொடவில்லை.
ஆடுகள் அதன் அடியில்தான்
நுழைந்து போய் வருகின்றன,
முதுகில் நீலச் சாயமும்
கொஞ்சம் துருவுமாக.