ஏழாவது வாளி

மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிச் சுற்றி
முப்பது வருஷம்.
எரிந்த காயிலை மூக்காலேயே கண்டுபிடிப்பேன்.
வீரவநல்லூர் மைதீன் பிச்சை ரைஸ்மில்லில்
பிசான அறுவடை நேரம் என்னைக் கூப்பிட்டது
எலிவேட்டர் மோட்டாருக்கு.
இதற்கில்லை.

இது என்றால்,
பின்சுவரை ஒட்டிப் பதினைந்து பெயிண்ட் வாளி.
மூடி போட்டு, விளிம்பில் எம்-சீல் பூசி,
உள்ளே நெல் ஊறின தண்ணீர்.

அந்தத் தண்ணீரைத் தெரியுமா உங்களுக்கு?
கட்டஞ்சாயா நிறத்தில்
மில்லை விட்டு இறங்கி
கன்னடியன் கால்வாய்க்குப் போய்ச் சேருமுன்
நாலு தெருவின் சன்னல்களைச் சாத்தவைக்கும்.
மனு போனது. ஆபீசர் வந்தார்.
கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.
அதற்கப்புறம் வந்தவள் எப்சிபா,
பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில்,
மடியில் ஐஸ்பெட்டி.

பெட்டிக்குள் ஒரு சீசா, சீசாவுக்குள் ஒரே இனம்,
கலப்பில்லாதது, லத்தீனில் பெயர் உள்ளது.
வாளிகளில் ஊற்றிவிட்டு ஒரு வாரம் காத்தாள்.
முள் அசையவில்லை.
"இதுக்கு மாவைக் கடிக்கப் பல்லில்லண்ணே.
வேற யாராவது புளிக்கவச்சுக் குடுத்தாத்தான்
குடிக்கும்."

அன்று மத்தியானம்
சுடிதாரை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு
சாக்கடைக்குள் இறங்கினாள்.
அடியில் கிடந்த கறுப்புச் சேற்றை
வாளிக்கு ஒரு கை என்று போட்டாள்.
எந்த ஊர், என்ன பெயர், யாருக்குத் தெரியும்,
அத்தனை பேர் அதில்.
ஒருத்தன் மாவை உடைத்துப் புளிப்பாகக் கக்குவான்.
புளிப்பு தேங்கினால் அவனுக்கே சாவு.
தேங்கவிடாமல் அடுத்தவன் குடிப்பான்.
குடித்தவனுக்கு மூச்சுவிடக் காற்று கிடையாது,
மூடி இறுக்கம்.
கரித்துணியைத் தொட்டுக்கொண்டு
அதன் வழியாக விடுவானாம் மூச்சை.
அந்த மூச்சுதான் கம்பியில் வருகிறதாம்.

எனக்கு நம்பிக்கையில்லை.
அவள் மீட்டரை ஒதுக்கிவிட்டு
என் பழைய முள் மீட்டரை வைத்தேன்.
அரை வோல்ட்.
இன்னொரு வாளி. அரை வோல்ட்.
பிளஸ்ஸும் மைனஸும் எனக்குப் பாடம்,
சேறு எனக்குப் புதுசு.

பதினைந்தையும் சீரிஸில் கோத்தேன்.
"ஏழரை வரணும்" என்றேன்.
"ஏழரை ஏற்கெனவே நடக்குவே எனக்கு,
எட்டாக்கும்" என்றார் மைதீன் பிச்சை.
ஆறும் சொச்சமும்தான் வந்தது.

வாளி வாளியாகத் தொட்டுக்கொண்டே போனேன்.
ஏழாவதில்
முள் இடப்பக்கம் படுத்தது.
தலைகீழாகப் பிணைத்துவிட்டேனோ?
முப்பது வருஷத்தில் ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது,
யாரிடமும் சொன்னதில்லை.
முடிச்சைப் பிரித்துப் பார்த்தேன். என் தப்பில்லை.

தண்ணீர் போகும் குழாய் மடங்கியிருந்தது.
"நாலு நாள் பட்டினிண்ணே" என்றாள்.
பசித்த வாளி திரும்பிவிடுமாம்,
கொடுப்பது போய்
மற்ற பதினாலிடமிருந்தும் இழுக்குமாம்.

"கழத்தி எறியும்வே அத."

எறியலாம்.
ஆறிலிருந்து எட்டுக்கு ஒரு கம்பி, ரெண்டு நிமிஷ வேலை.
கம்பி என் கையில்தான் இருந்தது.
எப்சிபா குழாயை நிமிர்த்தி
ஒரு செம்பு ஊறல் தண்ணீர் ஊற்றினாள்.
நான் கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

மறுநாள் முள் நடுவில் நின்றது.
அடுத்த நாள்
வலப்பக்கம் மயிரிழை.

"இதுல ஒரு மோட்டார் ஓடுமாவே?"
"ஓடாது முதலாளி."
"ஒரு ஃபேன்?"
"அதுவும் ஓடாது."
எடைமேடைக்கு மேலே
சுண்டுவிரல் நகம் அளவு பல்பு ஒன்று,
சிட்டை எழுத அது போதும்.
இருபத்திரண்டு நாளாக அணையவில்லை.
மேல்வீட்டுக்காரர்கள் ஒரு சன்னலைத் திறந்திருக்கிறார்கள்.
ஒன்றுதான். மற்றது இன்னும் சாத்தியே கிடக்கிறது.

பில்லில் எலிவேட்டர் மோட்டாருக்கு எழுதினேன்.
வாளிக்கு என்ன தலைப்பில் எழுத?
மீட்டரை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.
அந்தப் பக்கம் போகும்போது
எடுத்துக்கொள்ளலாம்.
நேற்றும் போனேன்,
எடுக்கவில்லை.